திருநீறு உபயம்

நல்ல திருநீறு இப்போது கிடைப்பதில்லை, மேடம். கடையில் பாக்கெட்டில் விற்பதில் பாதி சுண்ணாம்புக்கல் பொடி. நெற்றியில் பூசினால் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். அசல் திருநீறு என்பது பசுஞ்சாணத்தை உருட்டிக் காயவைத்து, உமி மூட்டத்தில் நிதானமாகச் சுட்டு எடுப்பது. கொஞ்சம் மங்கலாக இருக்கும், விரலில் எடுத்தால் வழுக்கும். அதைத்தான் நான் நான்கு வருஷமாக அசாம் ஜாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கோயிலுக்கு உபயமாகக் கொடுத்துவந்தேன். பங்குனி உத்திரத் திருவிழாவுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒன்றை ஏற்றுக்கொள்ளும். சிலர் பூ, சிலர் மோர், சிலர் அன்னதானத்து அரிசி. எங்கள் வீட்டுக்குக் காவடித் திருநீறு.

நீங்கள் மெதுவாகவே தட்டச்சு செய்யுங்கள். எனக்கு அவசரம் இல்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை. நானாகத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பெயர் சுகுமாறன். வயது நாற்பத்தேழு. ரவாங்கில் வீடு. மருந்தியல் விஞ்ஞானி. கிருமியைக் கொல்லும் மருந்தைப் புண்ணின்மேல் எப்படித் தங்கவைப்பது, மூன்று நாளைக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்படி எப்படிச் செய்வது, இதுதான் பதினாறு வருஷமாக என் வேலை. தோட்டத்தில் இதெல்லாம் யாருக்கும் புரியாது. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதால் ஊசி போடுகிற டாக்டர் என்றே நினைக்கிறார்கள். காய்ச்சலென்றாலும் எனக்குத்தான் போன், சர்க்கரை ஏறினாலும் எனக்குத்தான் போன். முதலில் நான் அந்த டாக்டர் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். சொல்லிச் சொல்லி வாய்தான் வலித்தது.

என் அப்பா நாகமணி தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டினவர், எண்ணெய் எடுக்கிற பனை. மட்டை முள் காலில் ஏறி, சீழ் பிடித்து, கால் போய், பிறகு ஆளும் போனார். அதனால்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன் என்று ஒரு பத்திரிகைப் பெண் உருக்கமாக எழுதினாள். அது உண்மை இல்லை. எனக்கு நினைவிருப்பது முள் அல்ல. எழவு வீட்டில் உட்கார்ந்து, அந்த வருஷம் நேர்ந்துகொண்ட காவடியை அவர் எடுக்காததால்தான் கால் அழுகியது என்று பேசிக்கொண்டிருந்தவர்களின் முகங்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் நான் கடந்து வந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் காவடி எடுப்பவர்கள் முதுகில் சின்னச் சின்னக் கொக்கிகளைக் குத்திக்கொள்வார்கள். பாரிட் என்று நாம் சொல்லும் வாய்க்கால் ஓரமாகக் குளித்துவிட்டு, அங்கேயே குத்தி, கோயில்வரை நடப்பார்கள். கொக்கியைக் கழற்றியதும் ஓட்டையில் திருநீற்றை வைத்து அழுத்துவார்கள். வேறு மருந்து கூடாது. கையில் கட்டிய காப்பை மூன்றாம் நாள் இடும்பன் பூஜை முடிந்துதான் அவிழ்ப்பார்கள். அதுவரை விரதம் முடியவில்லை என்று அர்த்தம். அதுவரை ஊசி, மாத்திரை, ஆஸ்பத்திரி எதுவும் கிடையாது. ரத்தம் வராது, சீழ் பிடிக்காது, எல்லாம் முருகன் பார்த்துக்கொள்வார் என்பார்கள். ஆனால் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேருக்குச் சீழ் பிடிக்கத்தான் செய்தது. அவர்கள் விரதத்தில் குறை என்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். சீழ் பிடித்தவனும் வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறக்க மாட்டான்.

ஒருநாள் சோதனைக்கூடத்தில் சும்மா இருந்தபோது நம் திருநீற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு துகளிலும் அத்தனை நுண்துளை. மருந்தை ஊறவைத்துக் காயவைத்தால் உள்ளே பிடித்துக்கொள்ளும், புண்ணின் ஈரம் பட்டால் மெல்ல விடும். எத்தனையோ விலையுயர்ந்த பொருள்களைச் செய்து பார்த்தவன் நான். எதுவும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை. எலிகளிடம் சோதித்தேன். அற்புதமாக வேலை செய்தது.

மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். காவடிக் காயத்தைப்போல் ஆராய்ச்சிக்குத் தோதான காயம் உலகத்தில் கிடையாது, மேடம். ஒரே ஆள், ஒரே தோல், ஒரே ஆழத்தில் நூற்றெட்டுக் குத்து. இதை விளக்கிப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ஒரே பக்கத்தில் பதில் வந்தது. நேர்த்திக்கடனில் இருப்பவர் மறுக்கும் நிலையில் இருக்க மாட்டார் என்றும், சமயப் பழக்கத்தை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது உகந்ததல்ல என்றும் இருந்தது. ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, காவடியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் எழுதிய பதில். அதைப் படித்த அன்று எனக்கு வயிறு எரிந்த எரிச்சலை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. எழுதினாலும் சரியாக வராது.

கோவிட் முடிந்து திருவிழா மறுபடி தொடங்கிய வருஷம் நான் உபயத்தை ஏற்றேன். திருநீற்றில் மருந்து இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷம் ஒருவருக்கும் சீழ் பிடிக்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. இதில் குற்றம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வருஷம் அன்னதானத்துக்கு முன்னால் கோயில் பூசாரி சன்னாசி மைக்கைப் பிடித்தார். எழுபது வயதுக்காரர், நல்ல மனிதர், அதை மறுக்கவில்லை. "மூணு வருஷமா ஒரு புள்ளைக்கும் ஒன்னும் ஆகல பாத்தீங்களா. கோவிட்டுல நம்மள எல்லாம் சோதிச்ச முருகன் இப்ப கண்ணத் தொறந்துட்டாரு" என்றார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோயில் தலைவர் சன்னாசிக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, தலையில் தூக்கிவைத்து ஆடாத குறைதான். நான் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பி, "நீங்க படிச்சவங்க, இதையெல்லாம் நம்ப மாட்டீங்கதானே லா" என்று கிண்டலாகச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

பதினாறு வருஷ உழைப்பு அவர்கள் முதுகில் இருந்தது. பெயர் வேறு யாருக்கோ போனது. என் துறையோ ஒப்பீடு இல்லாமல் எதையும் ஏற்காது. இவர்களோ ஒப்பிட்டே பார்க்காமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் எனக்கு ஒரே மாதிரி அவமானம்தான். வீட்டுக்கு வரும் வழியில், மருந்து இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை கண்ணெதிரே காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இந்த வருஷம் நூற்றெட்டுக் கொக்கி எடுத்தவன் ஜீவன். என் தங்கை அன்பரசியின் மகன். இருபத்துநான்கு வயது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டினான். அவன் அப்பா இறந்து ஏழு வருஷம் ஆகிறது. அன்பரசிக்கு மார்பில் கட்டி வந்து, எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. அதற்காக நேர்ந்துகொண்ட காவடி. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தான். பிடிவாதக்காரன், ஆனால் மரியாதை தெரிந்தவன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. வேறு யாரையாவது நான் தேர்ந்தெடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வேறு யார் முதுகை மூன்று நாளும் நான் உரிமையோடு பார்க்க முடியும், சொல்லுங்கள்.

கொக்கி குத்துவது இரண்டு பேர். இடப்பக்கம் சன்னாசி, வலப்பக்கம் அவருடைய மருமகன் வீரன். மற்றவர்களுக்கு வழக்கமான மருந்துத் திருநீற்றைக் கொடுத்துவிட்டு, நூற்றெட்டுக் கொக்கிக்காரனுக்கு என்று மட்டும் நான் தனியாக இரண்டு தாம்பாளம் கொண்டுபோனேன். ஒன்றின்மேல் மஞ்சள் துணி, ஒன்றின்மேல் சிவப்புத் துணி. முருகனுக்கு வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை அல்லவா, அதனால் இந்த வருஷம் இரண்டு தாயார் சன்னிதியிலும் தனித்தனியாக வைத்துப் பூஜித்த திருநீறு, பக்கம் மாறாமல் வைக்க வேண்டும் என்றேன். பொய்தான். முந்தின நாள் சாயங்காலம் குளிக்கும்போது தோன்றியது. சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்ளோ வருஷம் எனக்கே தோணலியே டாக்டர் தம்பி" என்றார். என் பன்னிரண்டு பக்கத்தை ஒருவர்கூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த ஒரு வரியை ஊரே ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷத்திலிருந்து அதை வழக்கமாக்கப்போவதாகக்கூடச் சொன்னார்கள்.

மஞ்சள் துணித் தாம்பாளத்தில், அதாவது இடப்பக்கத்தில், மருந்து இருந்தது. சிவப்பில் இல்லை. இரண்டிலும் பொதுவாக இன்னொன்றும் இருந்தது. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை காவடி நன்றாக முடிந்தது. ஜீவன் ஒரு முறைகூட உட்காரவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் அன்பரசி வீட்டுக்குப் போனேன். குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் சிவந்திருந்தது. இடப்பக்கம் சும்மா கொசு கடித்த தடம்போல் இருந்தது. படம் எடுத்தேன், பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்தேன். அப்போது அவன் சொன்னான்: "மாமா, வலது பக்கம் மட்டும்தான் எரியுது. இடது பக்கம் குத்துன மாதிரியே இல்ல மாமா."

பதினாறு வருஷத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். அன்பரசி மோர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அன்பரசி போன் செய்தாள். உடம்பு கொதிக்கிறது, நடுங்குகிறான், இட்லியைக்கூட வேண்டாம் என்கிறான் என்றாள். பக்கத்து வீட்டுப் புனிதவதி வண்டியை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு, கிளினிக்குக் கூட்டிப்போக நிற்கிறாளாம். பிறகு கேட்டாள்: "அண்ணே, நாளைக்குத்தான் இடும்பன் பூஜ. காப்ப அவுக்காம கூட்டிட்டுப் போனா தப்பாயிடுமா? நீங்க டாக்டரு, நீங்க சொல்லுங்க. போகச் சொன்னா போயிடுறேன்."

அவள் பூசாரியைக் கேட்கவில்லை, மேடம். என்னைக் கேட்டாள். சாமி விஷயத்தையும் உடம்பு விஷயத்தையும் சேர்த்து ஒரே ஆளிடம் கேட்டாள். இந்த மாதிரித் தப்பை எங்கள் தோட்டத்து ஆட்கள்தான் செய்வார்கள். பக்கத்திலேயே ஒரு உண்மையான டாக்டர் கிளினிக்கைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வண்டி வாசலில் நிற்கிறது. அதை விட்டுவிட்டு எனக்குப் போன். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.

எழுபத்திரண்டு மணி நேரம் ஆகாமல் ஒப்பீட்டுக்கு மதிப்பு கிடையாது. கிளினிக்கில் ஒரு ஊசி போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். அதனால் சொன்னேன்: "இன்னும் ஒரு நாள்தானே. நாற்பத்தெட்டு நாள் இருந்துட்டு இப்பப் போய் கெடுத்துக்காதே."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. புனிதவதி மட்டும் போனை வாங்கி, "நெசமாவே பரவால்லையா சார்" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். புனிதவதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதை அப்படியே சொல்வாள்.

என்னை ஒரு மிருகமாக நினைத்துவிடாதீர்கள். என் காரில் மாத்திரை தயாராக இருந்தது. அந்தக் கிருமிக்குச் சரியாகக் கேட்கிற மாத்திரை. புதன்கிழமை படம் எடுத்து முடித்ததும் கொடுப்பதற்காக வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்திருந்தேன். திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே. இதை என் தரப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமையே அந்தக் கிருமியின் பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். பொறுத்துச் சொல்கிறேன் என்றது அதைத்தான். இரண்டு தாம்பாளத்திலும் கிருமி இருந்தது. சோதனைக்கூடத்திலிருந்து ஞாயிறு காலை எடுத்துவந்து நான் கலந்தது. வெறும் திருநீற்றை நம்பியிருந்தால் சீழ் பிடித்தாலும் பிடிக்கும், பிடிக்காமலும் போகும். முதுகு இரண்டு பக்கமும் சுத்தமாக ஆறிவிட்டால் மறுபடி முருகனுக்குத்தான் பொன்னாடை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுதான் கலந்தேன். அதில் நான் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை.

புதன்கிழமை இடும்பன் பூஜைக்கு ஜீவனை இரண்டு பேர் தோளில் தாங்கிக் கூட்டிவந்தார்கள். சட்டை போட முடியவில்லை. சன்னாசி சுருக்கமாகப் பூஜையை முடித்துக் காப்பை அவிழ்த்தார். நான் கோயில் பின்பக்கம் அவனை நிறுத்தி, வெளிச்சம் பார்த்து, பதினோரு படம் எடுத்தேன். முதுகின் நடுவில் கோடு கிழித்ததுபோல் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு, இந்தப் பக்கம் வேறொரு முதுகு. என் வாழ்நாளில் இவ்வளவு தெளிவான முடிவை நான் பார்த்ததில்லை. திரும்பி மாத்திரையை எடுக்கப் போனேன். நான் காரைத் திறப்பதற்குள் விழுந்துவிட்டான்.

ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் நன்றாகத்தான் போராடினார்கள். அவர்கள்மேல் எனக்குப் புகார் இல்லை. என்ன கிருமி என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது நான் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், முடிவுகள் வெளிவருவதற்கு முன்பே எல்லாம் கெட்டுவிடும் என்று தோன்றியது. அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன். கண்டுபிடித்தார்கள், வியாழன் சாயங்காலம். வெள்ளிக்கிழமை காலையில் ஜீவன் இறந்தான்.

எழவு வீட்டில் அதே பேச்சு. ஆள்தான் மாறியிருந்தது. அன்பரசி தொழிற்சாலைக் கேன்டீனில் கோழி வெட்டுகிறவள், மகன் விரதம் இருக்கும்போதும் அந்தக் கையோடுதானே வீட்டுக்கு வந்திருப்பாள், அதுதான் முருகனுக்குப் பொறுக்கவில்லை என்றார்கள். அவள் காதில் விழும்படியே பேசினார்கள். அவள் அதை நம்பிவிட்டாள். அன்றிலிருந்து தன் கையால் சமைப்பதில்லை. தன் கையால் சாப்பிடுவதும் இல்லை. புனிதவதிதான் ஊட்டிவிடுகிறாள். "எனக்காக எடுத்தான்ணே. நானே கொன்னுட்டேன்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது.

அப்போதே உங்களிடம் வந்திருக்க வேண்டும் என்பீர்கள். ஐந்து வாரம் நான் வரவில்லை. கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்த பிறகுதான் இதை எங்கும் அனுப்ப முடியாது என்று உறைத்தது. யார் கொடுத்த அனுமதி, யாருடைய முதுகு என்று முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். போன திங்கட்கிழமை அன்பரசி பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கொடுத்து, படித்துச் சொல்லுங்கள் அண்ணே என்றாள். படித்தேன். அன்றைக்குத்தான் இங்கே வரவேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஜீவனைக் கொன்றது நான்தான். திருநீற்றில் கிருமியைக் கலந்தவன் நான். கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று தடுத்தவன் நான். மருத்துவமனையில் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான். முருகன் இல்லை, விரதம் இல்லை, அன்பரசியின் கை இல்லை. பெரிய எழுத்தில் போடுங்கள். இதையாவது இன்னொருவர் பெயரில் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் அந்த அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது, அதைத் திருத்தியாக வேண்டும். இரண்டாம் பக்கத்தில், முதுகு முழுவதும் சீழ் பிடித்த துளைக் காயங்கள் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள். முழுவதும் இல்லை, மேடம். இடப்பக்கத்தில் ஐம்பத்துநான்கு குத்து, ஒன்றில்கூடச் சீழ் இல்லை. உடம்பைக் குளிப்பாட்டும்போது நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். படம் எல்லாம் இந்தக் கோப்பில் இருக்கிறது, நீங்களே எண்ணிப் பாருங்கள். திருத்திய பிறகு யாராவது அன்பரசி வீடுவரை போய், மகனின் பாதி முதுகு கடைசிவரை சுத்தமாக இருந்தது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.